மலையூரில் ஒரு முதுமை: பனாமாவின் பொக்கெத்தே



நாம் கூடியிருக்கும் இந்தத் தூத்துக்குடி ஏறத்தாழ 8.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இதே கோட்டைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் சோமாலியா, எத்தியோப்பியா, மேற்கு ஆப்பிரிக்கா என்று ஒரு கண்டத்தையும், பிறகு அட்லாண்டிக் பெருங்கடலையும், வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளையும் கடந்து பனாமாவின் மேற்குக் கோடியில் ஒரு சிறு மலையூரைத் தொடலாம். பொக்கெத்தே என்பது அதன் பெயர். சிரிக்கி மாகாணத்தில், பாரு எரிமலையின் கிழக்குச் சரிவில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களையும் சேர்த்தால் மக்கள்தொகை இருபதாயிரத்தைச் சற்றே தாண்டும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் கடைசிக் காலத்துக்கு வீடு தேடிப் போகும் ஊர்களின் பட்டியலில் அது கால் நூற்றாண்டாக முன்னணியில் இருக்கிறது.

அவ்வளவு தொலைவில் உள்ள ஊரைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் இங்கே தனித்திருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அறுபதில் ஓய்வுபெறுகிறவர் இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டு வாழப்போகிறார். அந்த ஆண்டுகளை எங்கே, யார் நடுவில், யார் கையால் சோறும் மருந்தும் வாங்கிக் கழிப்பது என்ற கேள்வி இனி அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியதாக இருக்காது. அந்தக் கேள்விக்குப் பணத்தைக் கொண்டு விடை காண முயன்ற ஓர் ஊர் பொக்கெத்தே. அதன் நல்லதும் கெட்டதும் நமக்குப் பாடமாக இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஓய்வுபெற்றவர்களை அங்கே ஈர்க்கும் இதமான தட்பவெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் ஆண்டு முழுவதும் வெயில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். மார்கழிக்கும் சித்திரைக்கும் உள்ள வேறுபாடு வட நாடுகளில் போலப் பெரிதாக இராது. அந்த மாறாத வெப்பத்திலிருந்து, ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை பாகையளவு குறைந்துவிடும். ஆகவே வெப்பமண்டலத்து மலையூர்கள் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில், பகலில் 25 பாகையை ஒட்டியும் இரவில் 16, 17 பாகையிலும் நிற்கின்றன. பொக்கெத்தேயிலிருந்து நாற்பது கிலோமீட்டர் கீழே இறங்கினால் மாகாணத் தலைநகர் தாவீத். அங்கே நம் ஊர் வெயில் அப்படியே இருக்கிறது. மின்விசிறியோ கணப்போ தேவைப்படாத வீடு என்பதுதான் மலையின் மேலே விற்கப்படும் முதற்பொருள்.

ஆனால் ‘இதமான தட்பவெப்பம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாது. டிசம்பர் முதல் மார்ச் வரை கரீபியக் கடலிலிருந்து வரும் காற்று மலைமுகட்டைத் தாண்டி மெல்லிய தூறலைக் கொண்டுவந்து கொட்டும். நம் குற்றாலத்துச் சாரலை அனுபவித்தவர்களுக்கு அது நன்றாகப் புரியும். அங்கே அதற்கு பஹாரேக்கே என்று பெயர். ஊருக்கு மேலே பாலோ ஆல்தோ, ஹராமியோ பக்கங்களில் இந்தத் தூறல் வாரக்கணக்கில் விடாது. வானவில் அடிக்கடி தோன்றும், அலமாரியில் தொங்கும் துணி பூஞ்சணம் பூக்கும். ஊருக்குக் கீழே ஆல்தோ பொக்கெத்தேயில் அதே நாளில் வெயிலும் பலத்த காற்றும் இருக்கும். சில கிலோமீட்டரில் வானிலை இப்படி மாறுகிறது. ஆஸ்துமாவோ மூட்டுவலியோ உள்ள ஒரு முதியவருக்கு இந்த வேறுபாடு வீட்டின் விலையைவிட முக்கியமானது. பிப்ரவரியில் பத்து நாள் சுற்றுலா வந்து, அந்த உற்சாகத்திலேயே முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அக்டோபர் மழை தெரியாது.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதே போல ஓய்வுக்காலத்துக்கு மக்கள் போகும் எக்வதோரின் குவெங்கா நகரம் 2,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மெக்சிகோவின் சப்பாலா ஏரிக்கரையும் வியட்நாமின் தாலாத்தும் 1,500 மீட்டர். நெஞ்சும் நுரையீரலும் பலவீனப்பட்டவர்களுக்கு 2,500 மீட்டர் கடினம். பொக்கெத்தேயின் உயரம் அவர்களுக்கும் ஒத்துவரும்.

இனி, அந்த ஊர் எப்படி இப்படியானது என்ற கதைக்கு வருகிறேன். 1911-இல் தனி மாவட்டமாக நிறுவப்பட்ட ஊர் அது. 1914-இல் பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பொக்கெத்தேயில் பனமோந்தே விடுதியும் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. கால்வாய்ப் பகுதியில் வெயிலில் வெந்துகொண்டிருந்த அமெரிக்க அதிகாரிகளுக்கு இந்த மலை ஓர் ஓய்விடமாயிற்று. வெள்ளைக்காரர்கள் நம் நாட்டில் ஊட்டியைத் தேடிப் போன அதே காரணம்தான். வருகிறவர்கள் விடுமுறை முடிந்ததும் இறங்கிப் போய்விடுவார்கள். நிலம் பெரும்பாலும் காப்பித் தோட்டமாகவும் ஆரஞ்சுத் தோப்பாகவும் காய்கறி வயலாகவுமே இருந்தது.

வெளிநாட்டவர் ஓய்வுக்கால முதலீட்டுக்கு இங்கே ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் பேங்க் ஆஃப் அமெரிக்கா வங்கியின் தலைவராக இருந்த ருடால்ஃப் பீட்டர்சன் 1967-இல் பொக்கெத்தே பக்கத்தில் லா எஸ்மெரால்தா என்ற பண்ணையை வாங்கினார். ஓய்வுபெற்ற பின் இருக்க ஓர் இடம் என்பதுதான் எண்ணம். அப்போது அது பெரும்பாலும் மாட்டுப் பண்ணை. சில ஆண்டுகளில் மகன் பிரைஸ் பீட்டர்சன் குடும்பத்தோடு அங்கேயே வந்து குடியேறினார். பால் பண்ணையோடு காப்பியும் வளர்ந்தது. 1990-களில் ஹராமியோவில் இன்னொரு நிலம் வாங்கினார்கள். அந்த நிலத்தின் உயரமான பகுதியில், நோயைத் தாங்கும் என்பதற்காக யாரோ எப்போதோ நட்டுவைத்த ஒரு காப்பி இனம் இருந்தது. எத்தியோப்பியக் காட்டில் 1930-களில் எடுக்கப்பட்டு, தான்சானியா வழியாக 1953-இல் கோஸ்தாரிக்கா ஆய்வு நிலையத்துக்கு வந்து, 1960-களில் பனாமாவுக்கு வந்த கெய்ஷா இனம். 2004-இல் அதைத் தனியே பிரித்துப் போட்டிக்கு அனுப்பினார்கள். முதற்பரிசு கிடைத்தது, ஏலத்தில் பவுண்டுக்கு 21 டாலர் கிடைத்தது. அந்தக் காலத்தில் அது உலகச் சாதனை. 2025 ஆகஸ்டில் அதே குடும்பத்தின் கெய்ஷா காப்பி ஒரு கிலோ 30,204 டாலருக்கு ஏலம் போனது. நம் கணக்கில் 25 லட்சம் ரூபாய்க்கு மேல்.

இந்தக் கதையில் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது காலம். வாங்கியதற்கும் முதற்பரிசுக்கும் நடுவில் 37 ஆண்டுகள். ஒரு குடும்பம் அந்த மண்ணில் தலைமுறையாக இருந்து, மாடு வளர்த்து, எந்தச் சரிவில் எந்தச் செடி நன்றாக வருகிறது என்று அறிந்து செய்த வேலை அது. ‘மலையில் நிலம் வாங்கிப் போட்டால் இரட்டிப்பாகும்’ என்று இன்று மனைத்தரகர்கள் சொல்லும் முதலீட்டுக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது.

அந்த இரண்டாம் வகை முதலீடு தொடங்கியது 2000-க்குப் பிறகு. 1999 டிசம்பர் 31-ஆம் நாள் கால்வாய் முழுமையாகப் பனாமாவின் கைக்கு வந்தது, அமெரிக்கப் படைத்தளங்கள் மூடப்பட்டன. படைவீரர்களோடு அவர்களின் செலவும் போயிற்று. ஓய்வூதியத்தோடு வருகிற வெளிநாட்டவர் அந்த இடத்தை ஓரளவு நிரப்பினார்கள். 1904 முதலே பனாமாவில் அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில் இருக்கிறது, ஆகவே நாணய மாற்று இழப்பு இல்லை. வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்துக்கு அந்நாட்டில் வரியும் இல்லை. 2001-இல் அமெரிக்க முதியோர் அமைப்பான ஏஏஆர்பி நடத்தும் இதழ் ஓய்வுக்கால ஊர்களின் பட்டியலில் பொக்கெத்தேயைச் சேர்த்தது. அதே காலத்தில் கோல்ஃப் மைதானத்தோடும் காவலர் நிற்கும் வாசலோடும் வாயே எஸ்கோந்திதோ குடியிருப்பு எழுந்தது. அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாக மதில் சூழ்ந்த குடியிருப்புகள் வந்தன. ஏக்கர் கணக்கில் பேசப்பட்ட நிலம் சதுர மீட்டர் கணக்கில் பேசப்படலாயிற்று. தோட்டத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க இருந்த உள்ளூர் விவசாயிக்கு, விற்பதுதான் ஆதாயம் என்றாயிற்று. விற்றவர் பிள்ளை மறுபடி அதே ஊரில் மனை வாங்க முடியாத நிலை வந்தது.

இங்கே நான் சற்று நின்று பேச வேண்டிய இடம் வருகிறது. அது சட்டம்.

பனாமாவின் பென்சியோனாதோ நுழைவுரிமை மாதம் 1,000 டாலர் ஆயுள்கால ஓய்வூதியம் உள்ள வெளிநாட்டவருக்கு நிரந்தர வதிவிடம் தருகிறது. துணைவருக்கு 250 டாலர் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு அந்நாட்டில் இருந்தால் 750 டாலர் போதும். கையோடு வரும் விளம்பரத்தில் சலுகைப் பட்டியல் ஒன்று இருக்கும்: விமானச் சீட்டில் 25 விழுக்காடு, பேருந்தில் 30, திரையரங்கில் 50, உணவகத்தில் 25, மருத்துவர் கட்டணத்தில் 20, மருந்தில் 10. இவையெல்லாம் வெளிநாட்டு முதியவரை வரவேற்கப் பனாமா அளிக்கும் பரிசு என்றே பலரும் நினைக்கிறார்கள்.

உண்மை வேறு. இந்தச் சலுகைகளைத் தரும் 1987-ஆம் ஆண்டின் 6-ஆம் சட்டம் பனாமாவின் சொந்த முதியோருக்காக இயற்றப்பட்டது. 55 வயது நிறைந்த பெண்களுக்கும் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் உரியது. அங்கே வதியும் வெளிநாட்டவரும் அதில் பங்கு பெறுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு நாடு தன் கிழவர்களுக்குப் பேருந்துக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கச் செய்த ஏற்பாட்டை, டாலரோடு வருகிறவரை ஈர்க்கும் விளம்பரமாக வணிகர்கள் மாற்றிவிட்டார்கள்.

அதே நாட்டில் ஓய்வூதியமே இல்லாத, 65 வயது நிறைந்த ஏழைகளுக்கு அரசு தரும் உதவித்தொகை மாதம் 120 டாலர். 2009-இல் எழுபது வயதினருக்கு 100 டாலர் என்று தொடங்கி, பின்னர் 65 வயதினருக்கு 120 டாலர் என்று ஆயிற்று. வெளிநாட்டவர் உள்ளே வருவதற்குக் காட்ட வேண்டிய குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000, உள்நாட்டு ஏழை முதியவர் கைக்கு வருவது 120. இருவரும் செவ்வாய்க்கிழமை ஒரே சந்தைக்கு வந்து ஒரே தக்காளியைக் கையிலெடுத்து விலை கேட்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். பொருளாதார வகுப்பில் ‘வெளிநாட்டு முதலீடு ஊரை உயர்த்துகிறது’ என்று படிக்கும்போது இவற்றை எதிரே வைத்துப் பாருங்கள்.

காப்பிப் பழம் பறிக்கிறவர்கள் யார்? பெரும்பாலும் ஙோபே மக்கள். பனாமாவின் பழங்குடிகளில் மிகப் பெரிய இனம். 1997-இல் அவர்களுக்கும் புக்லே மக்களுக்கும் ஒரு தன்னாட்சிப் பகுதி சட்டத்தால் உண்டாக்கப்பட்டது. நாட்டிலேயே வறுமை மிகுந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. அறுவடைக் காலத்தில், அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை, குடும்பம் குடும்பமாகப் பொக்கெத்தே மலைக்கு வருகிறார்கள். கணுக்கால் வரை நீண்ட, முக்கோணப் பட்டைகள் தைத்த உடையோடு பெண்கள் செங்குத்தான சரிவில் நின்று பழுத்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிக்கிறார்கள். தகரக் கொள்கலன் அளவில் கூலி. தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் தங்கல். நல்ல அறைகளும் குழந்தைகளுக்குப் பள்ளியும் அமைத்த தோட்டங்களும் உண்டு, அமைக்காதவையும் உண்டு.

இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு வரிசைக் குடியிருப்பை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டத்து மாஞ்சோலையில், 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டத்தில், நான்கு தலைமுறை வாழ்ந்த தொழிலாளர்கள் 2024-இல் வேலையும் முடிந்து வீட்டையும் காலிசெய்யச் சொல்லப்பட்டபோது நாம் பார்த்தோம். இதமான மலையில் ஆயுள் முழுவதும் உழைத்தவருக்கு அதே மலையில் முதுமையைக் கழிக்க இடமில்லை. பொக்கெத்தேயிலும் அறுவடை முடிந்த ஙோபே குடும்பம் மலையிறங்கித் தன் ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்கே முதுமைக்கு இடம் வாங்கியவர் பறித்தவர் அல்லர்.

2025 மார்ச்சில் பனாமா தன் சமூகப் பாதுகாப்பு நிதியத்தைச் சீர்திருத்தும் 462-ஆம் சட்டத்தை நிறைவேற்றியது. தங்கள் ஓய்வூதியம் சுருங்கிவிடும் என்று ஆசிரியர்களும் கட்டடத் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். மலையின் அந்தப் பக்கம், போக்காஸ் தெல் தோரோ மாகாணத்தில், வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். அவர்களில் ஙோபே மக்கள் மிகுதி. ஜூன் மாதத்தில் அங்கே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. உலகம் ஓய்வுபெற வரும் நாட்டில், அந்நாட்டு மக்கள் தங்கள் சொந்த முதுமைக்காகச் சாலையில் நின்றார்கள்.

சாலை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் ஒரு செம்புச் சுரங்க ஒப்பந்தத்தை எதிர்த்து நாடு முழுவதும் மறியல் எழுந்தது. சிரிக்கி மாகாணத்தைத் தலைநகரோடு இணைப்பது பெரிதும் ஒரே நெடுஞ்சாலை. அது அடைபட்டதும் பெட்ரோலும் சமையல் வாயுவும் வரவில்லை. மலையில் விளைந்த காய்கறி கீழே போகாமல் அழுகிற்று. நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகே சாலைகள் திறந்தன. அந்த மக்கள் கேட்டது நியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் இன்சுலினும் ஆக்சிஜன் உருளையும் தேவைப்படும் ஒரு முதியவர் இத்தகைய ஐந்து வாரங்களைத் தாங்க முடியுமா என்பதை வீடு வாங்குமுன் யோசிக்க வேண்டும்.

இயற்கையும் அப்படித்தான். கால்தேரா ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது. 2008 நவம்பரில் அது பெருகி வீடுகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. 2020 நவம்பரில் ஈட்டா புயலின் மழை சிரிக்கி மலைகளில் மண்சரிவாகி உயிர்களைக் கொண்டுபோயிற்று. பாரு எரிமலை 3,474 மீட்டர் உயரம், பனாமாவின் மிக உயர்ந்த சிகரம். சில நூற்றாண்டுகளாகத்தான் உறங்குகிறது, அணைந்த மலை என்று எந்த நிலவியலாளரும் சொல்ல மாட்டார். ஆற்றோரத்து மனைதான் அழகாக இருக்கும். அதை வாங்குமுன் அக்கம்பக்கத்து வயதானவர்களிடம் ‘தண்ணீர் எது வரை வந்தது’ என்று கேட்டுவிட வேண்டும்.

இனி வீடு, நிலம். பனாமாவில் எல்லையை ஒட்டிய பத்துக் கிலோமீட்டர் தவிர மற்ற இடங்களில் வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரரைப் போலவே நிலம் வாங்கலாம். ஆனால் நிலம் இரண்டு வகை. பொதுப் பதிவகத்தில் எண்ணோடு பதிவான பத்திர நிலம் ஒன்று. அனுபோக பாத்தியதை மட்டும் உள்ள நிலம் மற்றொன்று. பின்னது விலை குறைவு. வங்கிக் கடன் கிடைக்காது, பக்கத்துக்காரர் வழக்குப் போட்டால் முடிவு எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. நம் ஊரில் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்ப்பது போல அங்கே பதிவக எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். விற்பவரின் வக்கீலே வாங்குபவருக்கும் வக்கீலாக நிற்க இடம் தரக் கூடாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கோடையில் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

வாங்குவது எளிது. விற்பதுதான் கடினம். அந்த விலையில் வாங்கக்கூடியவர் இன்னொரு வெளிநாட்டு ஓய்வூதியரே. 2008-இல் அமெரிக்காவில் வீட்டுவிலை சரிந்து சேமிப்புகள் கரைந்தபோது, பொக்கெத்தேயின் வாங்குவோர் கூட்டமும் கரைந்தது, பாதியில் நின்ற குடியிருப்புத் திட்டங்கள் இருந்தன. ஓய்வுக்கால வீட்டை முதலீடு என்று அழைப்பதே எனக்கு உடன்பாடில்லை. எண்பது வயதில், துணைவரை இழந்து, அவசரமாக விற்க வேண்டிய நாளில், அதற்கு விலை பேச ஆளிருக்காது. கையில் உள்ள சேமிப்பில் பெரும்பங்கை அதில் போடுவது ஆபத்து.

அந்த எண்பது வயதைப் பற்றித்தான் விளம்பரங்கள் பேசுவதே இல்லை. 65 வயதில் அங்கே போய் இறங்கும் தம்பதியர் மலையேறுகிறார்கள், தோட்டம் போடுகிறார்கள், நாடகக் குழுவில் சேருகிறார்கள். ஜனவரியில் பூக்கள்–காப்பித் திருவிழாவுக்கு ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். பதினைந்து ஆண்டு கழித்து வண்டி ஓட்டும் கண் மங்குகிறது. பொக்கெத்தேயில் சிறு மருத்துவமனைகள்தான் உண்டு. நெஞ்சுவலி என்றால் தாவீத் நகரத்துக்கு இறங்க வேண்டும், சிக்கலான அறுவைக்குத் தலைநகருக்குப் பறக்க வேண்டும். அமெரிக்க அரசின் மெடிக்கேர் காப்பீடு பொதுவாக அந்நாட்டுக்கு வெளியே செல்லாது. தனியார் காப்பீட்டில் புதிதாகச் சேர வயது வரம்பு உண்டு, பழைய நோய்க்குப் பணம் தர மாட்டார்கள். இதனாலேயே பலர் எழுபதுகளின் நடுவில் வீட்டை விற்றுவிட்டு, விற்க முடிந்தால், தாய்நாட்டுக்கே திரும்புகிறார்கள். பல ஆண்டு முன்பே பிரிந்துவந்த ஊரில் அப்போது நண்பர்களும் இருப்பதில்லை.

திரும்பாமல் இருப்பவர்களைத் தாங்குவது மனிதர்கள். குடியேறியவர்களும் உள்ளூர்க்காரர்களுமாகச் சேர்ந்து, இறுதி நோயில் இருப்பவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் தன்னார்வ அமைப்பை நடத்துகிறார்கள். இரத்தக் கொடையாளர் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் மளிகை மூட்டை கொடுக்கும் குழுவும் இருக்கிறது. இவர்களை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் இரவில் எழுப்பி மருந்து கொடுப்பதும், குளிக்க வைப்பதும், துணி மாற்றுவதும் ஊதியத்துக்கு வரும் உள்ளூர்ப் பெண்தான். ஸ்பானிய மொழி பேசத் தெரியாத முதியவர் தன் வலியைக்கூட அவளிடம் சொல்ல முடிவதில்லை. அறுபத்தைந்தில் ‘அங்கே எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள்’ என்று நம்பிப் போனவர் எண்பதில் படும் தனிமை அது. மொழியைப் போன முதல் ஆண்டிலேயே கற்க வேண்டும். எண்பதில் தொடங்க முடியாது.

நம்மவர் சிலரும் இத்தகைய ஊர்களைப் பற்றி இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காக இரண்டு மூன்று செய்திகள். இந்தியாவில் வதியும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பீட்டுத் திட்டத்தின்கீழ் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், அதைக் கொண்டு வெளிநாட்டில் வீடும் வாங்கலாம். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு, படிப்பு, மருத்துவம் போன்றவை தவிர்த்த காரணங்களுக்கு, வங்கி 20 விழுக்காடு வரி பிடித்துக் கட்டும். அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பணம் ஓராண்டு முடங்கும். வரி நோக்கில் இந்தியாவில் வதிபவராக இருக்கும் வரை வெளிநாட்டு வீட்டையும் வாடகையையும் ஆண்டுதோறும் கணக்கில் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015-ஆம் ஆண்டுக் கருப்புப் பணச் சட்டம் பத்து லட்சம் அபராதம் விதிக்கும். மத்திய அரசு ஓய்வூதியர் எங்கே இருந்தாலும் நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று தர வேண்டும். இந்தியத் தூதரகம் பனாமா நகரத்தில் இருக்கிறது. நம் ஓய்வூதியம் ரூபாயில், அங்கே செலவு டாலரில். ரூபாய் சரியும் ஒவ்வோர் ஆண்டும் வீட்டுச் செலவு கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ரூபாய் ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருப்பவர் போக வேண்டாம் என்று சொல்வேன்.

போகத்தான் போகிறேன் என்பவர் ஓராண்டு முழுதும் வாடகைக்கு இருந்து பார்க்க வேண்டும். மழையும் காற்றும் தூறலும் மறியலும் எல்லாம் அந்த ஆண்டுக்குள் வந்து போகட்டும். வீட்டைத் தன் பெயரில் வாங்குவதா, அந்நாட்டுச் சட்டப்படி குடும்ப அறநிறுவனம் ஒன்றின் பெயரில் வாங்குவதா என்பதை உயில் எழுதும்போதே வக்கீலிடம் கேட்டுத் தீர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் இங்குள்ள பிள்ளைகள் அங்குள்ள நீதிமன்றத்துக்கு அலைய நேரும்.

கடைசியாக, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றி. பனாமாச் சட்டப்படி அவரையும் சமூகப் பாதுகாப்பு நிதியத்தில் பதிவு செய்ய வேண்டும். வேலைக்கு வைப்பவர் பங்கும் அவர் பங்கும் மாதந்தோறும் கட்டப்பட வேண்டும். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று மூன்று தவணையில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் கையில் ரொக்கமாகக் கொடுத்து முடித்துக்கொள்கிறவர்கள் அந்த ஊரிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. அங்கே பெண்கள் ஓய்வுபெறும் வயது 57. முழு ஓய்வூதியம் பெற 240 மாதச் சந்தா சேர்ந்திருக்க வேண்டும். 240 மாதம் என்றால் இருபது ஆண்டு. அறுபத்தைந்தில் குடியேறி எண்பத்தைந்து வரை வாழும் ஒருவர், தன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு முதல் மாதத்திலிருந்தே அந்தச் சந்தாவைக் கட்டி வந்தால், தன் முதுமை முடியும்போது அவருடைய முதுமைக்கு வேண்டியதும் சேர்ந்துவிடும். 120 டாலருக்கு அவர் கையேந்த வேண்டியதில்லை. போகிறவர்கள் தங்கள் மாதச் செலவுக் கணக்கின் முதல் வரியில் அந்தச் சந்தாவை எழுதிக்கொள்ளுங்கள்.